நல்லா இருந்தா தானா ஓடுமா?

"நல்லா இருந்தா தானா ஓடும்ண்ணே. ஓடலைன்னா சரக்கு இல்லைன்னு அர்த்தம்."

சென்னையில் இருக்கிற சொந்தக்காரர்கள், ஊர்த் திருவிழாவுக்கு வந்து போகும் சினேகிதர்கள், நான் எழுதுவதைப் படித்துவிட்டு போன் போடுபவர்கள், எல்லார் வாயிலும் இந்த ஒரு வாக்கியம் இருக்கு. யூடியூப், இன்ஸ்டாகிராம் என்று பேச்சு திரும்பினால் போதும், நாலாவது நிமிஷம் வந்து விழுந்துவிடும். கடைசியாகச் சொன்னவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் குடியிருக்கும் என் சித்தப்பா மகன். தம்பி மேல் கோபம் இல்லை. ஆனால் அந்த ஏரியாவில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொன்னதுதான் வேடிக்கை. அந்த ஏரியாவுக்குத் தன் பெயரைக் கொடுத்த மனுஷர், தன் கடைசி வருஷங்களில் மல்லுக்கு நின்றதே இந்த வாக்கியத்தோடுதான்.

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் என்றால் பல்கலைக்கழகமும் அரண்மனையும்தான் நமக்கு ஞாபகம் வரும். 1940-களின் தொடக்கத்தில் அவர் கிளப்பிய சண்டை பலருக்குத் தெரியாது. அன்றைக்குக் கச்சேரி மேடையில் தெலுங்கும் சமஸ்கிருதமும்தான் பிரதானம். தமிழ்ப் பாட்டு எங்கே வரும்? கச்சேரி முடிகிற நேரத்தில், துக்கடா வரிசையில். பாதிக் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில். 1941-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இசை மாநாடு நடந்தது. கல்கி, ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி. எல்லாம் அந்தப் பக்கம் நின்றார்கள். எதிர்ப்பக்கம் மியூசிக் அகாடமி. அவர்களுடைய வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: மொழி முக்கியமில்லை, இசையின் தரம்தான் முக்கியம். அதாவது, நல்லா இருந்தா தானா ஓடும்.

செட்டியார் தரப்பு என்ன செய்தது? தமிழ்ப் பாட்டு எவ்வளவு உசத்தி என்று வாதாடிக்கொண்டு மட்டும் உட்காரவில்லை. பணத்தை எடுத்து வைத்தார். பாட்டுகளைத் தேடித் தொகுத்து, சுரம் போட்டு அச்சில் கொண்டுவர ஏற்பாடு செய்தார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. அது தனியாக இசை விழா நடத்தியது. பிற்பாடு பாரிமுனைப் பக்கம் சொந்த மன்றமே எழும்பியது. பாட்டு முன்னாடியே இருந்தது. நல்லாவும் இருந்தது. இல்லாதது மேடையும் நேரமும். அதைக் கொடுத்த பிறகுதான் அந்தப் பாட்டுகள் 'ஓடின'. இன்றைக்கு எந்தச் சபாவிலும் தமிழ்ப் பாட்டைத் தரக்குறைவு என்று சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வராது. பாட்டு மாறவில்லை. அதை வைத்த இடம் மாறியது.

இன்றைக்கு சபா உங்கள் கையில் இருக்கும் போன். எந்த வீடியோவுக்கு சாயங்காலம் ஆறரை மணி, எதற்கு மதியம் ஒண்ணரை மணி என்று முடிவு பண்ணும் காரியதரிசி, கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு. ஆளுங்க அதுக்கு அல்காரிதம்னு பேர் வச்சிருக்காங்க. "நானே தேர்ந்தெடுத்துப் பார்க்கிறேன்" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். 2018-ல் யூடியூப் நிறுவனத்தின் பெரிய அதிகாரியே வெளிப்படையாகச் சொன்னார்: அங்கே மக்கள் செலவழிக்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல், அந்தக் கணக்கு எடுத்து நீட்டுவதைப் பார்ப்பதில்தான் போகிறது. இலையில் பரிமாறியதைச் சாப்பிட்டுவிட்டு, நானே சமைத்தேன் என்று சொல்ல முடியுமா?

பங்கீடு எப்படி இருக்கு என்று பாருங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் யூடியூபில் குருட்டாம்போக்கில் வீடியோக்களைப் பொறுக்கி எடுத்து எண்ணிப் பார்த்து, 2023-ல் வெளியிட்டார்கள். வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிற வீடியோவுக்குக் கிடைத்த பார்வை சுமார் 40. லட்சம் இல்லை, ஆயிரம் இல்லை, நாற்பது. பத்தாயிரம் பார்வையைத் தாண்டியவை நூற்றுக்கு நாலுகூட இல்லை. ஆனால் மொத்தப் பார்வையில் 90 சதவீதத்துக்கு மேல் அந்த நாலுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

"அந்த நாலும்தான் நல்ல சரக்குன்னு வச்சுக்கலாமே?" என்று கேட்பீர்கள். அதற்கும் பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டார்கள். சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்று மூன்று பேர், 2006-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகள். கேட்க வந்தவர்கள் 14,341 பேர். ஒரு கூட்டத்துக்குப் பாட்டை மட்டும் கொடுத்தார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் இறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்துக் காட்டினார்கள். எட்டு உலகத்திலும் அதே 48 பாட்டுதான். ஆனால் ஒரு உலகத்தில் உச்சிக்குப் போன பாட்டு இன்னொன்றில் நடுவில் கிடந்தது. ரொம்ப நல்ல பாட்டு அதிகமாகத் தோற்கவில்லை, ரொம்ப மோசமானது அதிகமாக ஜெயிக்கவில்லை. இடைப்பட்டதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் போய் நின்றது. எண்ணிக்கையைக் காட்டாத கூட்டத்தைவிட, காட்டிய உலகங்களில் ஏற்றத்தாழ்வும் பெரிதாக இருந்தது. ஆக, முதல் நாள் யார் காதில் விழுந்தது, எத்தனை பேர் என்று பக்கத்தில் எழுதியிருந்தது, இதுவே பாதி விதியை எழுதிவிடுகிறது.

இது எங்களுக்குப் புது விஷயம் இல்லை. நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூர் திறந்தால் டிவியில் பூத்தூவுவதைப் பார்ப்பீர்கள். அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால் என்று பிரிந்து எங்கள் வயலுக்கு வர நாள் கணக்காகும். சில வருஷம் வராமலே போகும். தலைமடையில் இருப்பவருக்கு முதலில் கிடைக்கும். முதலில் கிடைத்ததால் முதலில் நடுவார், முதலில் அறுப்பார். அவர் கெட்டிக்கார விவசாயி, கடைமடைக்காரன் சோம்பேறி என்று யாராவது சொன்னால் ஊரில் அடி விழும். விளைச்சலில் பாதி, வாய்க்காலில் நீ எங்கே இருக்கிறாய் என்பதில் இருக்கு. போனுக்குள்ளும் அதே வாய்க்கால்தான். ஏற்கெனவே லட்சம் பேர் பின்தொடரும் ஆள் ஒரு வீடியோ போட்டால், முதல் மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் கண்ணில் படும். அவர்கள் பார்த்ததையே சாட்சியாக வைத்து அந்தக் கணக்கு இன்னும் பத்து மடங்கு பேருக்குத் தள்ளும். நேற்று ஆரம்பித்தவனுக்கு முப்பது பேர். அதில் இருபது பேர் பாதியில் நகர்ந்தால் மடை அடைத்துவிடும்.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் நாங்கள் "யார் வயல் நல்லா இருக்கோ அதுக்குத் தானா பாயும்" என்று விடுவதில்லை. முறை வைப்போம். இத்தனை நாள் அந்த ஆற்றுக்கு, இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு. தெற்கே ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி என்று ஒரு ஆள் உண்டு. தண்ணீர் யாருக்கு எவ்வளவு நேரம் என்று பகிர்வது அவர் வேலை. கூலி ஒரு ஆள் கொடுப்பதில்லை, ஆயக்கட்டே சேர்ந்து களத்தில் நெல்லாக அளக்கும். ஒருத்தர் மட்டும் கூலி கொடுத்தால் நீர்க்கட்டி அவர் வயலைத்தான் பார்ப்பார் என்று அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். இப்போது உங்கள் கவனத்தைப் பகிர்கிற நீர்க்கட்டிக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? விளம்பரக்காரர்கள். அவர் யார் வயலுக்கு மடையைத் திருப்புவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே ஒரு பதில் தயாராக இருக்கும். "கிராமத்து ஆளுங்கதானே ஜெயிச்சிருக்காங்க! வில்லேஜ் குக்கிங் சேனலைப் பாருங்க!" பார்க்கிறேன். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துக்காரர்கள். ஒரு தாத்தாவும் பேரன்மாரும் வெட்டவெளியில் அடுப்பு மூட்டி, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் சேனல் என்று பெயர் வாங்கினார்கள். அந்த வருஷ ஆரம்பத்தில் ராகுல் காந்தி வந்து பாயில் உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். அந்த உழைப்புக்கு ஒரு கும்பிடு. எனக்குப் பொறாமை துளிகூட இல்லை. அவர்கள் ஜெயித்தது குற்றம் இல்லை. அவர்கள் ஜெயித்ததைக் காட்டி மற்றவன் வாயை அடைப்பதுதான் குற்றம். ஒரு பையன் கலெக்டர் ஆனதைக் காட்டி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லாததை மறைப்பது மாதிரி.

இன்னொன்று. ஜெயித்த கிராமம் எந்தக் கிராமம்? அண்டா, ஆட்டுக்கறி, ஆற்றுக் குளியல், பம்புசெட்டு, பாட்டி வைத்தியம். நகரத்துக்காரருக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் பார்க்க இதமாக இருக்கிற கிராமம். கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இறங்குமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு, தார்ப்பாய் பிடித்து ராத்திரி காவல் கிடக்கிற கிராமம் ஒன்று இருக்கு. அதையும் எங்கள் பையன்கள் போனில் எடுத்துப் போடுகிறார்கள். அது எத்தனை பேர் கண்ணில் பட்டது? உங்கள் திரையில் வந்ததா? வராததால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் உங்கள் மனசில் அது நடக்கவில்லை. நீங்கள் ஓட்டுப் போடும்போதும், "விவசாயிக்கு எல்லாம் இலவசம்தானே" என்று பேசும்போதும் அந்த மனசுதான் பேசுகிறது.

2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை, மா, வீடு எல்லாம் போச்சு. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 2015 டிசம்பரில் அடையாறு பெருகி உங்கள் பக்கம் வெள்ளம் வந்தபோது, எந்தத் தெருவில் யார் மாடியில் நிற்கிறார் என்பது வரைக்கும் உலகத்துக்கே போனில் தெரிந்தது. எங்கெங்கோ இருந்து படகும் பாலும் வந்தது. நல்லது, வர வேண்டியதுதான். கஜா அன்றைக்கு மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. டவர் இல்லை, பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. சார்ஜ் போட வழியில்லாதவன் எந்த வீடியோ எடுத்து யாருக்குப் போடுவான்? யாருக்குச் சொல்ல அதிகம் இருக்கோ, அவனிடம்தான் அன்றைக்குச் சிக்னல் இல்லை. "நல்லா இருந்தா தானா ஓடும்" என்ற வாக்கியத்தை அந்த வாரம் எங்கள் ஊரில் வந்து சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

இது வீடியோ போடுகிறவன் பிழைப்புக்கான கவலை மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்கு இது சாகுபடிக் கவலை. இன்றைக்கு விவசாயி பூச்சி மருந்துக்கும் விதைக்கும் யூடியூபைத்தான் முதலில் கேட்கிறான். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பையன் இருக்கிறான். நாற்றுப் பறித்து நடுவதற்கு முன்னால் நுனியைக் கிள்ளிவிட்டால், இலை நுனியில் இருக்கும் குருத்துப்பூச்சி முட்டைக் குவியல் வயலுக்குள் வராமல் போகும் என்று நாற்றங்காலில் நின்று செய்து காட்டி வீடியோ போட்டான். காசு செலவில்லாத வேலை, வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் வேலை. அதைப் பார்த்தவர்கள் ஒரு கல்யாணப் பந்திக்குக்கூடக் காணாது. அதில் விற்க ஒன்றும் இல்லை, யாருக்கு அதைத் தள்ள அவசரம்? "ஏக்கருக்கு லட்சம் லட்சமாக லாபம்" என்று சிவப்பு எழுத்தில் தலைப்புப் போட்டு, டிராகன் பழம், மலைவேம்பு, செம்மரம் என்று கன்று விற்கிறவர் வீடியோவோ வாய்க்கால் பொங்க ஓடுகிறது. ஒரே வீடியோ எல்லார் கண்ணிலும் பட்டால் எல்லாரும் ஒரே பயிரை வைப்பார்கள். எல்லாரும் ஒரே பயிரை வைத்தால் சந்தையில் என்ன ஆகும் என்று தக்காளியை ரோட்டில் கொட்டியவனைக் கேளுங்கள். 2012-ல் பெருந்துறை ஈமு கோழி மூழ்கியபோது எத்தனை குடும்பத்துப் பணம் போச்சு! அதற்கே டிவி, பேப்பர் விளம்பரம் தேவைப்பட்டது. இப்போது அந்தச் செலவும் மிச்சம்.

வேறு மாதிரியும் செய்ய முடியும் என்பதற்கு எங்கள் வயலிலேயே சாட்சி உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்று ஒரு நெல் ரகம் வந்தது. திருச்சி வானொலி அதை விடாமல் சொல்லிச் சொல்லித் தஞ்சாவூர் ஜில்லா முழுக்கப் பரவியது. ஜனங்கள் அதற்கு வைத்த பேரே 'ரேடியோ நெல்லு'. பிறகு சென்னைத் தொலைக்காட்சியில் 'வயலும் வாழ்வும்'. பட்டணத்தில் அதைக் கேலி பண்ணாத வீடு கிடையாது. போரடிக்கும், சரிதான். ஆனால் அந்த அரை மணி நேரத்தை எந்தச் சினிமாப் பாட்டோடும் போட்டி போட்டு ஜெயித்து வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது முறை வைத்த தண்ணீர். பார்க்கப் பிடிக்காதவர் எழுந்து போகலாம், மடையை அடைக்க மட்டும் முடியாது.

பழைய தூர்தர்ஷன் காலத்துக்கே போகலாம் என்று நான் சொல்லவில்லை. அங்கேயும் யார் பேசலாம் என்பதை அதிகாரிதான் முடிவு செய்தார். எங்கள் பக்கத்து ஊர்ப் பையனுக்கு அங்கே வாசப்படியே ஏற முடிந்திருக்காது. இன்றைக்கு வாசல் திறந்திருக்கு, அதை மறுக்கவில்லை. வாசல் திறந்திருப்பதும் கூடத்தில் உட்கார இடம் கிடைப்பதும் வேறு வேறு.

செட்டியாரிடம் பணம் இருந்தது, தனி மேடை கட்டினார். எங்களிடம் ராஜா கிடையாது. தனி யூடியூப் கட்ட முடியாது. அதனால் விதிதான் கேட்க முடியும். ஐரோப்பாவில் டிஜிட்டல் சேவைகள் சட்டம் என்று ஒன்று இருக்கு. பெரிய தளங்கள் எல்லாம், ஆளைப் படித்து அதற்கேற்ப நீட்டாத ஒரு பட்டியலையாவது பயனருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று அது சொல்கிறது. 2023-லிருந்து பெரிய தளங்களுக்கு அது நடைமுறையில் இருக்கு. அதை இங்கேயும் கேட்போம். அதற்கு மேல் ஒன்றும் கேட்போம்: நீட்டும் பத்தில் ஒன்றாவது புது ஆளுக்கு, சின்ன ஆளுக்கு, பார்ப்பவரின் சொந்த மாவட்டத்து ஆளுக்கு என்று முறை வைக்கட்டும். மீதி ஒன்பதை அவர்கள் இஷ்டத்துக்கு ஓட்டட்டும். பத்தில் ஒன்று கேட்பது பிச்சை இல்லை. நாங்கள் களத்தில் நீர்க்கட்டிக்கு அளந்த நியாயம்தான்.

அது வரும் வரைக்கும் மடையின் ஒரு பலகை உங்கள் கையில் இருக்கு. யூடியூபில் பார்த்த வரலாற்றை நிறுத்தி, பழையதையும் அழித்துவிட்டால், முகப்பில் அது நீட்டுவது நின்றுபோகும். பிறகு நீங்களே தேடித்தான் பார்க்க வேண்டும். இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்களை மட்டும் காட்டு என்று மாற்ற வழி இருக்கு. வாரத்துக்கு ஒரு தரம் உங்கள் அப்பா ஊர்ப் பெயரையோ அம்மா ஊர்ப் பெயரையோ தட்டித் தேடுங்கள். அங்கே நாற்பது பேர் பார்த்த வீடியோ ஒன்று கிடக்கும். பிடித்தால் கடைசி வரைக்கும் பாருங்கள், ஒரு வரி எழுதுங்கள், இன்னொருத்தருக்கு அனுப்புங்கள். பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பார்த்துவிட்டு வேண்டாம் என்பது உங்கள் உரிமை. கண்ணிலேயே படாததை வேண்டாம் என்று சொன்னதாகக் கணக்கு எழுதுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்துத் தம்பிக்கும் இதையேதான் எழுதி அனுப்பியிருக்கிறேன். அடுத்த தடவை "ஓடலைன்னா சரக்கு இல்லை" என்று சொல்வதற்கு முன்னால், மடை யார் கையில் இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்டுக்கோப்பா.